முந்நூற்று நாற்பது பல்லிகள்

"குறை ஒண்ணுமே இல்லீங்க மேடம். நீங்கதான் வாயத் திறந்து நல்லாருக்குன்னு சொல்ல மாட்டேங்கறீங்க."

திருமூர்த்தி சொன்னார்.

ஜமீலா பல்லியைப் புரட்டி அதன் வயிற்றைப் பார்த்தார்.

உயிருள்ள பல்லி அல்ல. உள்ளங்கை நீளத்தில் ஒரு பச்சைச் சர்க்யூட் பலகை, பல்லி வடிவத்தில் வெட்டியது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். வயிற்றில் ஒரு பட்டன் பேட்டரி. கழுத்தில் நாடா கோக்க ஓர் ஓட்டை.

கோயம்புத்தூரில் இரண்டு நாள் மாநாடு ஒன்று நடக்க இருந்தது. அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியுமா என்று முயன்று பார்த்து, ஓட்டை இருந்தால் அந்த அடுத்தவரிடமே போய்ச் சொல்வதைத் தொழிலாக வைத்திருப்பவர்களின் மாநாடு. முந்நூற்று நாற்பது பேர். வருகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டை வேண்டும். வெறும் காகித அட்டை கொடுத்தால் அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அதற்குத்தான் பல்லி. இரண்டு பல்லிகள் நேருக்கு நேர் வந்தால், மூக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி போய் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லும். கண் சிமிட்டும். யார் யாரைப் பார்த்தோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

திருமூர்த்தி தனியாகச் செய்த முதல் வேலை அது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. மேடத்துக்கு முப்பத்தாறு. பம்புசெட் ஸ்டார்ட்டர் செய்கிற கம்பெனியில் இருபத்து நாலு வருசம் இருந்து, கம்பெனி மூடியதும், உக்கடத்தில் ஜமீலாவின் மாடி அறைக்குச் சர்க்யூட் வேலை கற்க வந்து சேர்ந்தவர்.

"உங்களுக்குச் சொல்லித் தர எனக்குக் கூச்சமா இருக்குண்ணா" என்று முதல் நாள் ஜமீலா சொன்னார்.

"கத்துக்க எனக்குக் கூச்சமில்லீங்க" என்று இவர் சொன்னார்.

அதோடு மூன்று வருசம் ஆகிவிட்டது.

ஜமீலா பல்லியை மேஜைமேல் வைத்தார்.

"இதுல நீங்க பயந்த எடம் எதுண்ணா?"

"பயமா? அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"சரி."

எழுந்து டீ போடப் போய்விட்டார்.

டீ வந்தது. திருமூர்த்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "மொதப் பல்லி உங்களுக்குத்தானுங்க மேடம்" என்றார்.

ஜமீலா அதை வாங்கி அப்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"வாலை எப்ப ஒடிக்கறீங்க?"

வாலில்தான் சூட்சுமம் இருந்தது. பல்லிக்குள் புரோகிராமை ஏற்றுவது வால் வழியாக. ஏற்றி முடித்ததும் சிப்பைப் பூட்டிவிட்டு வாலை ஒடித்துவிட வேண்டும். தபால்தலைத் தாளில் இருப்பதுபோல் வாலடியில் வரிசையாகப் பொடி ஓட்டைகள் வைத்திருந்தார். விரலால் அழுத்தினால் டிக்கென்று ஒடியும். அப்புறம் யாரும் உள்ளே போக முடியாது.

"இந்த வாரமே ஒடிச்சுருவேனுங்க."

"மாநாட்டுக்கு இன்னும் நாள் கெடக்கே."

"வழி ஒரு நாள்கூடத் திறந்து கெடக்கக் கூடாதுங்க. வர்றவங்க எமகாதகனுங்க."

"ம்" என்றார் ஜமீலா.

திருமூர்த்தி வீட்டுக்குப் போய் முந்நூற்று நாற்பது வால்களையும் ஒடித்தார். ஒரு வாளி நிறைந்தது. கட்டைவிரல் வீங்கிவிட்டது. வீங்கிய விரலைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

மாநாட்டை நடத்துகிற இனியன் பெட்டிகளைப் பார்க்க வந்தான். முப்பது வயதுக்காரன். தெருவில் போகிற ஆளைக்கூட நிறுத்திப் பேசுகிறவன்.

"அண்ணா, பிரமாதம்! வாலில்லாமலே இந்த ஆட்டம் ஆடுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மறைவா உள்ள ஒண்ணும் வெக்கலையே? நம்ம கூட்டத்துல அதை மட்டும் மன்னிக்கவே மாட்டாங்க. செஞ்சவனே திருட்டு வழி வெச்சிருக்கான்னு தெரிஞ்சா, அப்புறம் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டாங்க."

"சத்தியமா இல்லீங்க தம்பி."

அது பொய்.

இனியன் போன பிறகு திருமூர்த்தி ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

வழி இருந்தது. பேட்டரியைக் கழற்றித் திரும்பப் போட்டால், முதல் பத்து நொடி பல்லி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்த நேரத்தில், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு தாளத்தில் அதன் மூக்குக்கு நேரே ஒளி காட்டினால் போதும். உள்ளே இருக்கும் புரோகிராமை மாற்றிவிடலாம்.

திருட்டு எண்ணத்தில் வைத்ததல்ல. பம்புசெட் கம்பெனியில் இருந்தபோது, அவர் செய்த ஒரு சின்னப் பிசகோடு நானூறு ஸ்டார்ட்டர்கள் ஊர் ஊராகப் போய்விட்டன. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று ஆறு மாதம் தோட்டம் தோட்டமாக அலைந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். போன இடத்திலெல்லாம் ஏச்சு. "வாய்யா, எங்க நெலக்கடலையக் கருக்குன புண்ணியவானே" என்று ஒரு தோட்டக்காரர் வரவேற்றார்.

அதிலிருந்து, திரும்பி வர வழியில்லாமல் எந்தச் சாமானையும் கையைவிட்டு அனுப்ப அவருக்கு முடியவில்லை. ராத்தூக்கம் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டது. எடுத்துவிடலாம் என்று தினமும் நினைத்தார். எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

சனிக்கிழமை மாநாடு. வியாழக்கிழமை காலையில், கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்று நாற்பது பல்லிகளை மேஜைமேல் வட்டமாகப் பரப்பிப் பேட்டரி போட்டார்.

கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று கண் சிமிட்டியது. திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு ஒரு பல்லியின் கண் அணைந்தது.

இன்னொன்று.

கால் மணி நேரத்தில் நாற்பதும் இருட்டாகிவிட்டன. தட்டிப் பார்த்தார். அசையவில்லை. பேட்டரியைக் கழற்றிப் போட்டதும் எழுந்தன. திரும்பவும் கொஞ்ச நேரத்தில் அணைந்தன.

காரணம் தெரிய வெகுநேரம் ஆகவில்லை. பார்த்தவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒவ்வொரு பல்லிக்கும் முப்பத்திரண்டு இடம் கொடுத்திருந்தார். முப்பத்து மூன்றாவது ஆள் வந்ததும், அவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பல்லி மலைத்து நின்றுவிட்டது. அதுவரை ஐந்து பல்லிகளை வைத்தே சோதித்ததால் இது அவர் கண்ணில் படவில்லை.

முப்பத்திரண்டு என்று எழுதிய அன்றைக்கு என்ன நினைத்தோம் என்பதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு மனுசன் ரெண்டு நாளில் முப்பத்திரண்டு பேருக்கு மேலேயா பேசப் போகிறான்?

போன வருசம் முழுக்க அவர் பேசியதே பத்துப் பேரோடுதான்.

பஸ் பிடித்து உக்கடம் போனார்.

ஜமீலா மொட்டை மாடியில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கழுத்தில் பல்லி தொங்கியது.

"போச்சுங்க மேடம்."

"என்ன போச்சு?"

"முந்நூத்தி நாப்பதும்."

"உக்காருங்கண்ணா. மொதல்ல மூச்சு விடுங்க."

சொன்னார். ஜமீலா ஒரு மீனின் செதிலைச் சீவியபடியே கேட்டார்.

"உள்ள போக வழி இருக்கா?"

"வாலத்தான் ஒடிச்சுட்டேனுங்களே."

"வாலைக் கேக்கலை. வழி இருக்கான்னு கேட்டேன்."

திருமூர்த்தி மாடிச் சுவரைப் பார்த்தார்.

"இல்லீங்க."

"அப்பச் சரி. இனியனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிருங்க. காயிதத்துல அட்டை அடிச்சுக்கட்டும். ரெண்டு நாள் இருக்கில்ல."

அவ்வளவுதான். அடுத்த மீனை எடுத்துக்கொண்டார்.

திருமூர்த்தி ஃபோனை எடுக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

ஒரு பூனை வந்தது. ஜமீலா அதற்கு ஒரு மீன் தலையைப் போட்டார். அது தின்றுவிட்டு நின்றது. இன்னொரு தலையைப் போட்டார்.

"இருக்குங்க" என்றார் திருமூர்த்தி.

"என்னது?"

"வழி."

ஜமீலாவின் கையிலிருந்த கத்தி நின்றது.

எல்லாவற்றையும் சொன்னார். பத்து நொடி, தாளம், ஸ்டார்ட்டர், இனியனிடம் செய்த சத்தியம் எல்லாம். சொல்லி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு மாதம் சுமந்ததைச் சொல்ல இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை.

"திட்டுங்க மேடம்."

"கை பூரா மீனு" என்றார் ஜமீலா.

கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"அப்பப் பொழச்சுக்கும்னு சொல்லுங்க."

"பொழச்சுக்குமுங்க. புது புரோகிராம் எழுத ரெண்டு மணி நேரம் போதும். அப்புறம் ஒரு பல்லிக்கு இருவது நொடி. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணி, அந்த வழியையும் அடைச்சுட்டா, யாருக்கும் தெரியாதுங்க. அடைச்சதுக்கப்புறம் அதைச் சொல்லோணும்னு இல்லைல்லீங்க?"

ஜமீலா தன் கழுத்தில் கிடந்த பல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுலயும் இருக்கா?"

திருமூர்த்தி அதை மறந்தே போயிருந்தார்.

"இருக்குங்க."

"நீங்க குடுத்த அன்னிக்கே?"

"அன்னிக்கேதானுங்க."

ஜமீலா நாடாவைத் தலைவழியே கழற்றினார். திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்துத் திருமூர்த்தி கையை நீட்டினார்.

ஜமீலா பல்லியில் ஒட்டியிருந்த செதிலைத் துப்பட்டா நுனியால் துடைத்தார். நாடாவைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இருங்க. வறுத்துக் கொண்டுவரேன். சாப்பிட்டுப் போங்க."

திருமூர்த்தி சாப்பிட்டார். மீன் ருசியாக இருந்ததா என்று பிற்பாடு யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

மேடம் கேட்டார். தெரிந்துகொண்டார். பிறகு மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸிலேயே இனியனுக்கு ஃபோன் போட்டு, பல்லி சாவதையும் உள்ளே வைத்த வழியையும் சொன்னார். இனியன் முதலில் கத்தினான். பிறகு அழாத குறையாகப் பேசினான். கடைசியில் ஒரு யோசனை வந்து துள்ளினான்.

"அண்ணா! புதிர்னு சொல்லிருவோம்! 'செத்த பல்லியை எழுப்புங்க பாக்கலாம்'னு ஒரு போர்டு வெச்சாப் போதும். நம்மாளுங்க குஷியாயிருவாங்க. நீங்க வெச்சதும் புதிர்ல ஒரு பகுதியாப் போயிரும்."

திருமூர்த்திக்கு அந்த யோசனை வெகுநேரம் இனித்தது. நாலு நிறுத்தம் போகும்வரை இனித்தது. பிறகு இனியனைத் திரும்பக் கூப்பிட்டார்.

"வேண்டாமுங்க தம்பி. சனிக்கிழமை காலைல எனக்குப் பத்து நிமிசம் மைக்கு மட்டும் குடுங்க."

"உங்களைப் பிச்சுப் போட்ருவாங்கண்ணா."

"தெரியுமுங்க."

வெள்ளிக்கிழமை புரோகிராமை எழுதி வைத்தார். பல்லிகள் பெட்டியிலேயே இருந்தன. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை.

சனிக்கிழமை. ஒரு கல்லூரியின் பெரிய அரங்கம். ஒன்பது மணிக்கு ஆளுக்கொரு பல்லியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். டீ வரிசையில் நின்றார்கள். கைகுலுக்கினார்கள். பல்லிகள் சிமிட்டின.

முதலில் செத்தது இனியனின் பல்லிதான். டீ வரிசையில் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை அவன் வணக்கம் வைத்திருந்தான். அடுத்தது, வாய் ஓயாத ஒரு சென்னைக்காரரின் பல்லி. பத்து மணிக்குள் நூறு பேருக்கு மேல் குனிந்து தங்கள் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூலையில் தனியாக நின்றவர்களின் பல்லிகள்தான் உயிரோடு இருந்தன.

பத்தரை மணிக்குத் திருமூர்த்தி மேடை ஏறினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். மைக்கில் அவர் மூச்சுதான் முதலில் கேட்டது.

"வணக்கமுங்க. இந்தப் பல்லியைச் செஞ்சது நானுங்க. இது சாகறது என்னோட தப்புங்க."

கொஞ்சம் சிரிப்பு.

"அது சின்னத் தப்பு. பெரிய தப்பு இன்னொண்ணு இருக்குங்க. உங்க கழுத்துல தொங்கறதுக்குள்ள, நான் மட்டும் போய்வர ஒரு வழி வெச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்லலை. இனியன் தம்பி கேட்டப்ப இல்லைன்னு சத்தியம் பண்ணேன். பயந்துக்கிட்டுத்தான் வெச்சேன். அந்த வழியாப் போனா இதைப் பொழைக்க வெக்கலாமுங்க. ஆனா உங்களைக் கேக்காம இனி உள்ள போக மாட்டேன். வேண்டாங்கறவங்க கழட்டி வெச்சிருங்க. அவ்வளவுதானுங்க."

சிலர் தங்கள் பல்லியைப் புரட்டிப் பார்த்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "வாலை ஏண்ணே ஒடிச்சீங்க?"

"அதைத்தானுங்க நானும் ரெண்டு நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

சிரிப்பு வந்து அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். சிரிக்கவில்லை. அவள் எழுந்ததும் அரங்கம் வாயை மூடிக்கொண்டதிலிருந்தே, இந்தக் கூட்டத்தில் அவள் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று திருமூர்த்திக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளாச் சொல்லாம வெச்சிருந்தீங்க?"

"ரெண்டு மாசமுங்க."

"தூங்குனீங்களா?"

திருமூர்த்தி இப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"இல்லீங்க அம்மிணி."

அவள் தலையசைத்தாள். "உள்ள அனுப்பப் போறதைத் திரையில போடுங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்."

திரையில் புரோகிராம் விரிந்தது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் தன் எழுத்தைப் படிப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அண்ணா" என்றாள் அந்தப் பெண். "முப்பத்திரண்டை இருநூத்தி அம்பத்தாறாக்கி இருக்கீங்க."

"ஆமாங்க. அது போதாதுங்களா? ஒரு மனுசன் ரெண்டு நாள்ல இருநூத்தி அம்பத்தாறு பேருக்கு மேலயா..."

"இவனைப் பாருங்கண்ணா!" என்று நாலு பேர் எழுந்து இனியனைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. இனியனும் சிரித்தான். மேடையில் நின்றபடியே திருமூர்த்தி எண்ணை அழித்து ஐந்நூறு என்று எழுதினார்.

"வேற?"

"எட்டாவது வரி" என்றது ஒரு குரல். அது சரிதான் என்றது இன்னொன்று. அவர்களே வாதாடி, அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் தன் பல்லியின் பேட்டரியைக் கழற்றிப் போட்டாள். அதன் மூக்கை மேடைப் பக்கம் நீட்டினாள்.

"ம். போடுங்க."

திருமூர்த்தி லேப்டாப்போடு இணைத்த சின்ன விளக்கை அதற்கு நேரே பிடித்தார். இருபது நொடி. கண் திறந்தது.

"இப்ப உங்களுது பக்கத்துல பேட்டரியைக் கழட்டிப் போடறவங்களுக்குச் சொல்லிக் குடுக்குமுங்க" என்றார் திருமூர்த்தி. "அவங்களுது அடுத்தவங்களுக்கு."

அவள் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒன்று திறந்தது. அங்கிருந்து பின்வரிசைக்கு இரண்டு. அவர் மேடையிலிருந்து இறங்கவே தேவைப்படவில்லை. சிவப்புக் கண்கள் வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்து போயின.

ஓரத்தில் ஒருவர் தன் பல்லியைக் கழற்றி மடியில் வைத்தார். "எனக்கு வேண்டாங்கண்ணா" என்றார்.

"சரிங்க" என்றார் திருமூர்த்தி. மனசு வலிக்கவில்லை.

கடைசி வரிசையில் ஜமீலா உட்கார்ந்திருந்தார். திருமூர்த்தி கையில் மைக்கோடு அவரிடம் நடந்து போனார்.

"வேணுங்கறவங்க எல்லாத்துக்கும் போய்ச் சேந்துருச்சுங்க மேடம்."

"பாத்தேன்."

"அந்த வழி இன்னும் திறந்துதான் கெடக்குதுங்க. இப்ப மூடிரட்டுங்களா?"

"என்னை ஏண்ணா கேக்கறீங்க?"

திருமூர்த்தி அரங்கத்தின் பக்கம் திரும்பி மைக்கை உயர்த்தினார்.

"மூடட்டுங்களா?"

பாதிப் பேர் "மூடுங்க" என்று கத்தினார்கள். பாதிப் பேர் "மூடாதீங்க, மூடாதீங்க" என்று எழுந்தே விட்டார்கள். திறந்திருந்தால் எவன் வேண்டுமானாலும் நுழைவான் என்றார் ஒருவர். அதற்குத்தானே நாம் வந்திருக்கிறோம் என்றாள் ஒருத்தி. முன்வரிசைக்காரி நாற்காலிமேல் ஏறி நின்று கையை ஆட்டினாள். ஒருவர் பேச்சும் இன்னொருவர் காதில் விழவில்லை.

திருமூர்த்தி மைக்கை அவர்கள் பக்கம் கொடுத்துவிட்டு, ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை அவர் தலைக்குமேல் நடந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் சொக்கியது.